உயிலா, செட்டில்மென்டா, நாமினியா? சொந்த வீட்டைக் குடும்பத்துக்கு விட்டுச் செல்லும் வழிகள்: ஓர் ஒப்பீடு

தாம்பரத்தை அடுத்த புறநகர் ஒன்றில், ஒரு கிரவுண்டு மனையில் கீழும் மேலுமாகக் கட்டிய வீட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்காரருக்கு 68 வயது, மனைவிக்கு 63. சம்பளச் சேமிப்பிலும் வங்கிக் கடனிலும் உருவான வீடு, கடன் அடைந்துவிட்டது, பத்திரமும் பட்டாவும் கணவர் ஒருவர் பெயரில் இருக்கின்றன. மாடியில் மகன் தன் குடும்பத்தோடு இருக்கிறார், மகள் கோவையில் இருக்கிறார். வீட்டுக்காரரின் தாயார் 90 வயதிலும் திடமாக, கீழ்த்தளத்து முன்னறையில் கட்டில் போட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். வீட்டைத் தவிர நிரந்தர வைப்பு, ஓர் ஆயுள் காப்பீட்டு பாலிசி, கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட். கற்பனைக் குடும்பம்தான், ஆனால் தெருவுக்கு நான்கு வீடுகள் இப்படித்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட வீடுகளில் பேச்சு எழும்போதெல்லாம் வீடு யாருக்கு என்றுதான் எழுகிறது. எப்போது கை மாற வேண்டும் என்ற கேள்விதான் அதற்கு முந்தையது என்பது என் கருத்து. கணவன் மனைவி இருவரும் இருக்கும் வரை வீட்டின் மீது யாருக்குப் பிடி, ஒருவர் போன பின் மற்றவருக்கு என்ன பிடி என்பதை முடிவு செய்துவிட்டால், எந்தப் பத்திரம் எழுதுவது என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும்.

ஒன்றும் எழுதாமல் விட்டால்

எதையும் எழுதாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். அந்தத் தேர்வைச் செய்தவருக்காகச் சட்டம் எழுதிவைத்திருக்கிறது. இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு ஒரு சம பங்கு. தந்தை இரண்டாம் வகுப்பில் இருக்கிறார், தாயோ முதல் வகுப்பில் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரியாததன் விளைவை நம் வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்காரர் காலமானால் மனைவி, தாய், மகன், மகள் நால்வருக்கும் தலைக்குக் கால் பங்கு. சில ஆண்டுகளில் தாயாரும் காலமானால், அவருடைய கால் பங்கு மருமகளுக்கோ மாடியில் இருக்கும் பேரனுக்கு மட்டுமோ போவதில்லை. அது தாயாரின் பிள்ளைகளுக்குப் போகிறது. அவருக்கு மொத்தம் நான்கு பிள்ளைகள் என்றால், உயிரோடிருக்கும் மூவருக்கும் ஆளுக்குப் பதினாறில் ஒரு பங்கும், இறந்த மகனுக்கு உரிய பதினாறில் ஒரு பங்கு அவருடைய பிள்ளைகளுக்குமாகப் பிரிகிறது. செங்கல் ஒன்றுகூட எடுத்து வைக்காத சித்தப்பாவும் அத்தையும் இனி அந்த வீட்டின் பங்குதாரர்கள். வீட்டை விற்க வேண்டுமானால் அவர்கள் கையெழுத்தும் வேண்டும். அல்லது அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். நல்ல மனதுக்காரர்கள் எழுதித் தருவார்கள். ஆனால் அவர்களில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தாலோ, ஒருவர் இறந்து அவருடைய வாரிசுகள் நான்கு பேராக முளைத்தாலோ, நல்ல மனது மட்டும் போதாது.

பெண் பெயரில் இருக்கும் வீட்டுக்கு விதி இன்னும் விசித்திரமானது. இந்துப் பெண் ஒருவர் தானே சம்பாதித்து வாங்கிய வீட்டை எழுதி வைக்காமல் இறந்து, அவருக்குக் கணவனும் பிள்ளைகளும் இல்லை என்றால், அந்தச் சொத்து கணவனின் வாரிசுகளுக்குப் போன பிறகே அவரைப் பெற்றவர்கள் வரிசைக்கு வருகிறார்கள். சம்பாதிக்கும் பெண்கள் உயில் எழுதியே தீர வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இந்த ஒரு பிரிவே போதும்.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். இறந்தவரின் வாரிசுகள் யார் யார் என்பதைத்தான் அது காட்டும்; யாருக்கு எந்தச் சொத்து என்று சொல்லாது, உரிமைப் பத்திரமும் ஆகாது. அதை வைத்துப் பட்டா மாறுதல் முடிந்துவிட்டதால் வீடு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் விற்கப் போகும்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள்.

இதுவரை சொன்னது இந்துக்களுக்கான விதி. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரு பங்கும் சேரும். இஸ்லாமியர் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது, வாரிசு ஒருவருக்கே எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும் என்பதால், அவர்களுக்கு இந்த ஒப்பீடு முழுமையாகப் பொருந்தாது. ஹிபா எனப்படும் கொடைக்குத் தனி விதிகள் உண்டு.

உயில்

உயிலின் மிகப் பெரிய பலம், எழுதியவர் கண் மூடும் வரை அது வெறும் காகிதம் என்பதே. வீட்டை அவர் விற்கலாம், அடமானம் வைக்கலாம், உயிலைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். கடைசியாக எழுதியதே செல்லும். முதல் உயிலைப் பதிவு செய்திருந்தாலும், பின்னால் முறைப்படி எழுதிய பதிவு செய்யாத உயில் அதை மாற்றிவிடும். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தீர்வையும் இல்லை. எழுதியவர் கையெழுத்திட, குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்து, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். இந்தச் சாட்சிகள் விஷயத்தில்தான் பெரும்பாலான உயில்கள் பிற்காலத்தில் தடுமாறுகின்றன. வழக்கு என்று வந்தால், உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறி, அவர் கையெழுத்திட்டதைப் பார்த்தேன் என்று சொல்லியாக வேண்டும். 68 வயதுக்காரர் தன் நடைப்பயிற்சித் தோழர்களான 72 வயதுக்காரர்கள் இருவரைச் சாட்சியாக வைத்தால், இருபது ஆண்டுகள் கழித்து யாரைக் கூப்பிடுவது? தன்னைவிட இருபது வயது இளையவர்களாக, உயிலில் எந்தப் பயனும் பெறாதவர்களாகப் பார்ப்பதே முறை.

பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது என்பது என் நிலைப்பாடு. ஆனால் பதிவைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. உயிலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மூன்றாம் புத்தகத்தில் பதிவு செய்கிறார்கள். ஈசி எனப்படும் வில்லங்கச் சான்றிதழோ முதல் புத்தகத்திலிருந்து எடுக்கப்படுவது. ஆகவே பதிவு செய்த உயில் ஈசியில் தெரியாது. எழுதியவர் உயிரோடிருக்கும் வரை அதன் நகலும் மற்றவர்களுக்குக் கிடைக்காது. ரகசியம் காக்க விரும்புகிறவருக்கு இது வசதி. உயில் இருக்கிறது என்பதையே யாரிடமும் சொல்லாமல் போய்விட்டால் இதுவே ஆபத்து. மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. மிகச் சிலரே அதைப் பயன்படுத்துகிறார்கள்.

சென்னை மாநகரின் பழைய எல்லைக்குள் இருக்கும் சொத்துக்கு இந்து ஒருவர் எழுதிய உயில் என்றால் உயர் நீதிமன்றத்தில் ப்ரோபேட், அதாவது உயில் மெய்யானது என்ற நீதிமன்றச் சான்று, பெற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நெடுங்காலம் இருந்தது. அதற்குக் காரணமான, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் நீக்கியது. ஆனாலும் வாரிசுகளுக்குள் தகராறு என்றால் உயிலை நீதிமன்றத்தில் நிரூபித்தே ஆக வேண்டும் என்பது மாறவில்லை.

உயிலின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. எழுதியவர் இல்லாதபோது அவருடைய மனதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ஆதாயம் பெறுகிற மகனே வழக்கறிஞரை அழைத்து வந்தார், மகளை விலக்கியதற்குக் காரணம் ஏதும் எழுதவில்லை, கையெழுத்து நடுங்குகிறது, அந்த வாரம்தான் மருத்துவமனையிலிருந்து திரும்பியிருந்தார் என்று ஒவ்வொன்றாக அடுக்கினால் நீதிமன்றம் ஐயத்தோடுதான் பார்க்கும். ஆகவே ஒருவருக்குக் குறைத்துக் கொடுத்தால் ஏன் என்று இரண்டு வரி எழுதுவதும், மனத்தெளிவோடு இருக்கிறார் என்று மருத்துவரிடம் அதே நாளில் சான்று பெறுவதும் தேவையற்ற சடங்குகள் அல்ல. சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று என்று சொல்லி மகளை அடியோடு விலக்கும் உயில்களே அதிகம் நீதிமன்றம் ஏறுகின்றன. அதிலும் சொத்து பூர்வீகமாக இருந்தால், எழுதியவரால் தன் பங்கைத் தாண்டி எழுதவே முடியாது. செங்கல்பட்டில் 1929-இல் சுயமரியாதை மாநாடு கேட்ட சொத்துரிமை தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுவதற்குமாக 2005-இலும் சட்டமான பிறகு, பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு.

மனைவிக்கு ஆயுட்கால அனுபவ உரிமை மட்டும், அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு என்று எழுதும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிக இயல்பான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் மனைவியின் ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்த சொத்து, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி அவருடைய முழு உரிமையாகிவிடும் என்று துளசம்மா வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன நாள் முதல், இந்த ஒரு வரியை வைத்து எத்தனையோ குடும்பங்கள் வழக்காடி வருகின்றன. மனைவிக்கு வீட்டை முழுமையாகவே எழுதிவிட்டு, அவரையும் தனி உயில் எழுதச் சொல்வது இதைவிடத் தெளிவானது. அம்மா மனதை மாற்றிக்கொண்டால் என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். மாற்றிக்கொள்ளும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

செட்டில்மென்ட்

உயிரோடிருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடும் பத்திரமான செட்டில்மென்ட் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. பதிவான நாளிலேயே உரிமை கை மாறிவிடுகிறது. பதிவு கட்டாயம், இரண்டு சாட்சிகள் கட்டாயம், பெறுகிறவர் ஏற்றுக்கொள்வதும் கட்டாயம். ஈசியில் ஏறிவிடும், பெறுகிறவர் உடனே பட்டா மாற்றிக்கொள்ளலாம், எழுதியவர் காலத்துக்குப் பின் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் பார்வையில் உயிலைவிட இது உறுதியானது என்பதை மறுக்க முடியாது. பணமும் பெரிய தடையல்ல. தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத்தீர்வை மதிப்பில் 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலையில் உயர்த்திய பிறகு உச்சவரம்பு முறையே 40,000 ரூபாயும் 10,000 ரூபாயும். வழிகாட்டி மதிப்பு 80 லட்சம் என்றாலும் அரசுக்குக் கட்ட வேண்டியது 50,000 ரூபாய்தான். குடும்ப வரையறைக்கு வெளியே இருப்பவருக்கு எழுதினால் முத்திரைத்தீர்வை மட்டுமே 7 சதவீதம், அதாவது அதே வீட்டுக்கு 5,60,000 ரூபாய். நெருங்கிய உறவினரிடமிருந்து பெறும் கொடைக்கு வருமான வரி இல்லை; மரண வரி 1985-லேயே ஒழிந்துவிட்டது. ஆகவே வரிக்குப் பயந்து செட்டில்மென்ட் எழுத வேண்டிய அவசியம் இங்கே யாருக்கும் இல்லை.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திர எழுத்தரின் கணினியில் தயாராக இருக்கும் வாசகத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். உன்மேல் எனக்குள்ள அன்பினாலும் பாசத்தினாலும் என்று தொடங்கும். இன்று முதல் நீயே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று நடக்கும். எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் இதை ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை என்று முடியும். பெயரையும் சொத்து விவரத்தையும் மட்டும் மாற்றி அச்செடுத்து நீட்டுவார்கள். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் வரிசை எண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த மூன்று வரிகளுக்குக் கீழே கையெழுத்திட்ட பெரியவர், மறுநாள் காலையில் தன் வீட்டில் மகனின் அனுமதியோடு குடியிருப்பவர். இது மகனின் குணத்தைப் பற்றிய பேச்சல்ல. மகன் தங்கமாக இருக்கலாம். ஆனால் அவர் தொழிலுக்கு வாங்கிய கடனுக்கு வீடு ஜப்தியாகலாம். பெற்றவர்களுக்கு முன்பே அவர் காலமானால், வீடு அவருடைய மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குப் போகும். தந்தைக்கு அதில் ஒன்றுமில்லை.

திரும்பப் பெறலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எழுதியவர் மட்டும் தனியாகப் போய் செட்டில்மென்டை ரத்து செய்து பதிவு செய்ய முடியாது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-இல் உறுதிப்படுத்தியது. 60 வயது கடந்தவர்களுக்கு, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் (2007) 23-ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, சொத்தை வாங்கிக்கொண்டவர் அதைச் செய்யத் தவறினால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு இந்தப் பிரிவு உதவாது என்ற கண்டிப்பான பார்வையை 2022-இல் எடுத்த உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் இச்சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்றது. எந்தப் பார்வை தன் வழக்கில் வெல்லும் என்று 75 வயதில் காத்திருப்பதைவிட, பராமரிப்பு நிபந்தனையை வெளிப்படையாகப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது எளிது. பத்திர எழுத்தர் வழக்கமில்லை என்பார். வழக்கத்தை விட்டுவிட்டு எழுதச் சொல்லலாம்.

இடைவழி ஒன்றும் உண்டு: ஆயுட்கால உரிமையைத் தன்னிடமும் மனைவியிடமும் நிறுத்திக்கொண்டு எழுதும் செட்டில்மென்ட். குடியிருக்கலாம், வாடகை வாங்கலாம், யாரும் வெளியேற்ற முடியாது. ஆனால் மருத்துவச் செலவுக்கு வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது என்ற குறை அப்படியே இருக்கிறது. பணம் பெரும்பாலும் வீட்டிலேயே முடங்கியிருக்கும் குடும்பங்களில் இந்தக் குறை சிறியதல்ல. மறுபக்கத்தில், பிள்ளைகளில் ஒருவர் உயிலை எதிர்த்து வழக்குப் போடுவார் என்பது நிச்சயமாகத் தெரிந்தால், அல்லது பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டு வந்து உடனிருக்கும் மகளுக்குக் கூரை ஒன்றை இப்போதே உறுதி செய்ய வேண்டுமென்றால், ஆயுட்கால உரிமையும் பராமரிப்பு நிபந்தனையும் சேர்ந்த செட்டில்மென்டை உயிலைவிட மேலானதாகவே நான் கருதுவேன்.

நாமினி

நாமினியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர: நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர், உரிமையாளர் அல்ல. நிறுவனப் பங்குகளுக்கும் இதே விதிதான் என்பதை 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சக்தி யெஸ்தானி வழக்கில் தெளிவாக்கியது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகக் குறித்தால் பலனும் அவர்களுக்கே என்று 2015-இன் திருத்தம் சொல்கிறது. வங்கிக் கணக்கில் 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நாமினியாகக் குறிக்கலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் பிரிக்கலாம். வருங்கால வைப்பு நிதியில், திருமணத்துக்கு முன் அம்மா பெயரைக் குறித்தவர்கள் திருமணத்துக்குப் பின் புதிதாகக் குறிக்க வேண்டும், பழையது செல்லாது. உயிலில் ஒரு பெயரும் நாமினியில் வேறு பெயரும் இருந்தால் வங்கி பணத்தை நாமினியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மற்றது குடும்பத்துக்குள் சண்டை. இரண்டிலும் ஒரே பெயர்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்வதற்கு ஒரு மதியப்பொழுது போதும்.

அறக்கட்டளை அமைப்பது நம் குடும்பத்துக்குத் தேவையில்லை. தானாக வாழ இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் வீட்டில் மட்டும் அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். சொத்தை அந்தப் பிள்ளையின் பெயருக்கே எழுதிவிட்டால், அதை நிர்வகிக்கக் காப்பாளரைத் தேடி ஓட வேண்டியிருக்கும்.

நம் வீட்டுக்கு எது?

தாம்பரம் வீட்டுக்காரர் செட்டில்மென்ட் எழுத வேண்டியதில்லை. மகன் மாடியில்தான் இருக்கிறார், யாரும் அவரை வெளியேற்றப் போவதில்லை. அவசரம் எதுவும் இல்லாத இடத்தில், திரும்பப் பெற முடியாத பத்திரம் எதற்கு? கணவர் உயில் எழுதி வீட்டையும் மற்ற சொத்துகளையும் மனைவிக்கு முழு உரிமையாக விட வேண்டும். மனைவி தனக்கு முன்பே காலமாகிவிட்டால் மாடி மகனுக்கு, கீழ்த்தளம் மகளுக்கு, நிலத்தில் ஆளுக்குப் பாதி பிரிபடாத பாகம் என்று மாற்று ஏற்பாட்டையும் அதே உயிலில் சேர்க்க வேண்டும். மனைவி தன் பங்குக்கு அதே நாளில் தனி உயில் எழுதி, அதே பிரிவினையைச் சொல்லலாம். கூட்டு உயிலாக ஒரே தாளில் எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவர் போன பின் மற்றவரால் அதை மாற்ற முடியுமா முடியாதா என்பதே தனி வழக்காகிவிடும்.

மகளுக்கு ஏன் கீழ்த்தளம் என்று மகன் கேட்டால், அதற்கான விளக்கத்தை இப்போதே, இருவரையும் உட்கார வைத்து, பெற்றவர்களே சொல்லிவிடுவது நல்லது. மூலப்பத்திரம், பட்டா, சொத்து வரி ரசீது, உயிலின் நகல் எல்லாம் எந்த பீரோவில் எந்த உறையில் இருக்கின்றன என்பதை இரு பிள்ளைகளுக்கும் காட்டிவிட வேண்டும்.

இன்னும் ஒரு பத்தி மிச்சமிருக்கிறது. உயில் என்று ஒன்று வந்துவிட்டால் தாயாரின் கால் பங்கு மறைந்துவிடுகிறது. சித்தப்பா, அத்தை என்று வீடு சிதறாமல் காக்க நாம் எடுத்த முடிவின் மறுபக்கம் அது. ஆகவே உயிலின் இரண்டாம் பக்கத்தில், என் தாயார் தம் ஆயுள் உள்ளவரை கீழ்த்தளத்து முன்னறையில் எவ்விதத் தடையுமின்றி வசிக்க உரிமையுடையவர், அவருடைய உணவு, மருந்து, இறுதிச் சடங்குச் செலவுகளை என் நிரந்தர வைப்பிலிருந்து என் மனைவி செய்யக் கடமைப்பட்டவர் என்று எழுத வேண்டும். எழுதி முடித்ததும், கண் மங்கிய அந்த அம்மாவுக்கு அந்தப் பத்தியை மகன் தன் வாயாலேயே ஒருமுறை படித்துக் காட்டலாம்.